மீடியம் சைஸ் மழைக்கோட்டு

இல்ல தம்பி, அதை மடிச்சு உள்ள வைங்க. அது பைக்ல ஆபீஸ் போறவன் போட்டுக்கிற கோட்டு. வந்ததுலருந்து நாலு தடவை சொல்லிட்டேன், வெளிய நின்னு வேலை செய்றவங்களுக்கு வேணும்னு. ரோட்ல. கொட்டுற மழையில. குழிக்குள்ள இறங்கி. நீங்க என்னடான்னா வாசல்ல பொம்மைக்கு மாட்டி வச்சிருக்கறதையே ஒண்ணொண்ணா கழட்டிக் காட்டுறீங்க. பொம்மை எங்க வேலைக்குப் போகுது?

தண்ணி புகாதுன்னு எழுதியிருக்கா? எழுதறதுக்கு என்ன. எங்க வீட்டுக்காரர் வாட்ச்லயும்தான் எழுதியிருந்துச்சு. பக்கெட்ல விழுந்த அன்னைக்கே நின்னு போச்சு. அந்தக் கோட்டோட கையை இப்படி நீட்டிப் பிடிங்க. என் பாட்டில்லருந்து ஊத்தப் போறேன். அட, நகராதீங்க, குடிக்கிற தண்ணிதான். பாத்தீங்களா? நல்ல துணின்னா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிடணும். இது அங்கயே உக்காந்து யோசனை பண்ணுது. இன்னும் ரெண்டு நிமிஷத்துல உள்ள இறங்கிடும். தரைதானே? ஒரு துணி குடுங்க, நானே துடைச்சுத் தர்றேன். நீங்க துடைச்சா நாலு பக்கமும் இழுவி விடுவீங்க.

யாருக்கா? என் பொண்ணுக்கு. குடிநீர் குழாய் ரிப்பேர் பண்ற கேங். திங்கக்கிழமை டியூட்டியில சேர்றா. ஆமா, பொண்ணுதான். கடப்பாரை, மண்வெட்டி, பம்பு, எல்லாந்தான். எதுக்கு வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறீங்க? அவங்கப்பா அந்தக் கேங்குக்கு மேஸ்திரி. போன வருஷம் இதே மழைக்காலத்துல, ரோட்ல வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது வேன் அடிச்சுப் போயிட்டாரு. பதினோரு மாசம் எங்களை மாடி ஏத்தி மாடி இறக்கிட்டு, வாரிசு வேலைன்னு ஒரு ஆர்டரைக் குடுத்தாங்க. க்ளார்க் வேலை காலி இல்லையாம். கேங்லதான் இடமாம். வேணாம்டி, இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்ல, காத்திருப்போம்னேன். அப்பா கேங்னா நாளைக்கே போறேம்மான்னுட்டா. டிகிரி முடிச்சவ. பிடிவாதம் அவரைக் கொண்டுன்னு நான் சொல்லுவேன். என்னைக் கொண்டுன்னு அவர் சொல்லுவாரு. இப்ப அவர் பங்குக்கும் சேத்து நானே சொல்லிக்க வேண்டியிருக்கு.

அய்யோ, அந்த மூஞ்சியை வைக்காதீங்க. துக்கம் விசாரிக்கவா வந்தீங்க? நான்தான் உங்க கடைக்கு வந்திருக்கேன். எனக்குக் கோட்டு வேணும். அதே கேங், அதே ரோடு, வானிலையில பாத்தா அதே மழை. திங்கக்கிழமைக்கு நடுவுல நாலே நாள். அதுக்குள்ள அவ உடம்புக்கு ஒரு சரியான கோட்டு ஏறணும். அதான் உங்க உயிரை வாங்கிக்கிட்டு நிக்கிறேன்.

டிபார்ட்மெண்ட்ல குடுக்காம என்ன? குடுத்தாங்க. ஒரே அளவு. யானைக்கும் அதுதான், எலிக்கும் அதுதான். அதுக்குள்ள என் பொண்ணை நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேட வேண்டியிருக்கு. கை முழங்கால்கிட்ட தொங்குது. மடிச்சு விட்டுக்கோ பாப்பான்னு ஸ்டோர் கீப்பர் சொன்னானாம். இருபத்தஞ்சு வயசு பாப்பா. மடிச்சு விட்டா அந்த மடிப்பு கிண்ணம் மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், தெரியுமா? கையைத் தூக்கினா அத்தனையும் அக்குளுக்கு இறங்கும். அந்த ஸ்டோர் கீப்பர் ஒரு நாள் மழையில நின்னிருந்தா இது தெரிஞ்சிருக்கும். அவன் ஜன்னல்ல கை நீட்டித்தான் மழையே பாத்திருப்பான்.

பொண்ணுங்களுக்குன்னு தனியா இருக்கா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா, எடுங்க.

ஓ.

ரோஸ். இடுப்புல பெல்ட் வேற. இதைப் போட்டுக்கிட்டு குழியில இறங்கினா உடைஞ்ச குழாயே வெட்கப்பட்டு மூடிக்கும். இந்த பாக்கெட்டைப் பாருங்க, விரல் நகம் போகுமா? ஒரு ஸ்பானர் வைக்கறதுக்கு இடமிருக்கா? பொண்ணு மழையில நிக்கிறதே ஃபோட்டோ எடுத்துக்கறதுக்குத்தான்னு இந்த கம்பெனிக்காரன்கிட்ட எவன் சொன்னான்? வேணாம். ஆம்பளைங்க சைஸ்லயே மீடியம் எடுங்க. இந்தாங்க, அளவுக்கு அவ சட்டை ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். தோள் சரியா இருக்கணும், கை மணிக்கட்டோட நிக்கணும். உள்ள ஒரு ஸ்வெட்டர் போடறதுக்கு இடம் விடுங்க. பிடிச்சுத் தைச்ச மாதிரியும் வேணாம், கூடாரம் மாதிரியும் வேணாம்.

இது ரப்பர் பூசினதா? தொடவே வேணாம், வாடையிலயே தெரியுது. நீங்க சொல்றது சரி, மழை ஒரு சொட்டு உள்ள போகாது. வேர்வை வெளிய வருமா? மண்ணு தோண்டுறவங்களுக்கு ஊத்தும் தம்பி. எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் இதைத்தான் போட்டாரு. வெளிய காஞ்சு கிடக்கும், உள்ள பனியனைப் பிழியலாம். வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வாடை நுழையும். சேறு, க்ளோரின், பம்பு டீசல், எல்லாத்துக்கும் அடியில ஒரு பீடி. பீடியா, நானான்னு சத்தியம் பண்ணுவாரு. அந்தக் கோட்டை வீட்டுக்குள்ள மாட்டவே விட்டதில்ல நான். மாடிப்படிக்கு அடியில ஒரு ஆணி அடிச்சுக் குடுத்துட்டேன். உனக்கு மூக்குக்குப் பதிலா மீட்டர் வச்சு அனுப்பிட்டாங்கன்னு சொல்லுவாரு.

ஆங், இது பரவாயில்ல. துணி கொஞ்சம் கனம். அக்குளுக்குக் கீழ காத்துக்கு ஜிப் வச்சிருக்கான், நல்ல புத்தி. உள்பக்கம் புரட்டுங்க. தையல் மேல எல்லாம் டேப் ஓடியிருக்கா? விரலை வச்சுத் தடவிக்கிட்டே வாங்க, நடுவுல எங்கயாவது விட்டுப் போயிருந்தா நகத்துல மாட்டும். தோள் பாத்தாச்சு. கழுத்து? தொப்பி சேர்ற இடம்? அங்கதான் ஏமாத்துவானுங்க. ஜிப்புக்கு மேல மூடி இருக்கா? ரெண்டு மடிப்பா? நல்லது. ஒட்டுப் பட்டையைப் பிரிச்சுக் காட்டுங்க. ஈரக் கையுறையோட பிரிக்க வரணும், இந்த ஓரத்துல பிடி கொஞ்சம் நீளமா இருக்கறதால வரும்.

இப்ப நீங்க போடுங்க.

நீங்கதான். என் பொண்ணு உசரம்தான் இருக்கீங்க, கொஞ்சம் வயிறு கூட. கஸ்டமர் பாத்தா பாக்கட்டுமே, வியாபாரம்தானே பண்றீங்க, திருடவா செய்றீங்க? போட்டாச்சா? குனிங்க. அது என்ன குனியறது, யாருக்காவது வணக்கம் சொல்றீங்களா? தரையில ஒரு வால்வு இருக்கு, அதைத் திருப்பப் போறீங்க. முட்டி போடுங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. ம், முதுகு மேல ஏறல. பின்பக்கம் நீளமா வெட்டியிருக்கான். போன கடையில ஒருத்தருக்கு இடுப்பு வரைக்கும் தெரிஞ்சுது, பாவம், பனியன்ல ஓட்டை வேற. எழுந்திரிங்க. கையைத் தலைக்கு மேல தூக்குங்க. மணிக்கட்டு எவ்வளவு வெளிய வருது? ரெண்டு விரக்கடை. சரி.

இப்ப தொப்பி. கயிறை இறுக்குங்க. அந்தக் கயிறு நுனி தொங்கக்கூடாது, பம்பு பெல்ட்ல மாட்டினா ஆளை இழுத்துடும். உள்ள சொருக வழி இருக்கா? இருக்கு. தலையை மட்டும் வலது பக்கம் திருப்புங்க. உடம்பைத் திருப்பாதீங்க. என்ன தெரியுது?

அதேதான். துணிதான் தெரியும். நீங்க திரும்பிட்டீங்க, தொப்பி திரும்பல. ஒரு கண்ணு இருட்டு. ரோட்டோரத்துல நிக்கிறவளுக்கு ஒரு கண்ணு இருட்டானா என்ன அர்த்தம்? பின்னால ஒரு பட்டை இருக்கும் பாருங்க, அதை இழுத்து மாட்டுங்க. இன்னும் இறுக்கமா. இப்ப திருப்புங்க. தொப்பியும் கூடவே வருதா? வருதுல்ல? பத்து வருஷமா இதைத்தான் விக்கிறீங்க, அந்தப் பட்டை எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுதா? இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னா, யாரும் சொல்லல. ஒரு வருஷமா இதே வேலையா இருக்கேன். இது ஆறாவது கடை. ராத்திரி படுத்தா கண்ணை மூடிக்கிட்டு கோட்டுதான் தைச்சுக்கிட்டு இருப்பேன்.

கருநீலம் இருக்கு, தெரியும். அவளும் அதைத்தான் கேக்கிறா. அழுக்கு தெரியாதாம். அழுக்கு தெரியாத கலர்ல ஆளும் தெரியாதுடின்னேன். மஞ்சள் எடுங்க. இது எலுமிச்சைப் பழம் மாதிரி வெளிறிப் போயிருக்கு, இதை விட அடிக்கிற மஞ்சள். கண்ணு கூசணும். எதிர்ல வர்றவன் என்னடா இதுன்னு திட்டணும். திட்டினா பாத்துட்டான்னு அர்த்தம்.

வெளிச்சம் பட்டா மினுங்கற பட்டை எங்கெங்க இருக்கு? நெஞ்சுல ஒண்ணு, இடுப்பைச் சுத்தி ஒண்ணு. தோள் மேல? முதுகுல? முதுகைக் காட்டுங்க. சில கோட்டுல அழகா நெஞ்சுல மட்டும் வச்சிருப்பான். குனிஞ்சு நிக்கிறவன் நெஞ்சுல பட்டை இருந்து யாருக்கு லாபம்? குழாய்க்குத்தான் தெரியும். இதுல தோள் மேலேர்ந்து முதுகு வழியா இறங்குது, சரியா வச்சிருக்கான். தைச்சதா, ஒட்டினதா? தைச்சிருந்தா ஊசி ஓட்டை வழியா தண்ணி இறங்கும், உள்ள டேப் போட்டிருக்கணும். இது ஒட்டினது. ஓரம் தூக்கல. சரி.

அந்த லைட்டை அணைங்க. ஆமா, கடை லைட்டைத்தான். ஒரு நிமிஷம் இருட்டா இருந்தா ஊரே ஓடிப்போயிடாது. கோட்டை அந்தக் கோடியில மாட்டுங்க. உங்க ஃபோன் லைட்டைப் போட்டு, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு அடிங்க. நெஞ்சுகிட்ட வச்சு அடிச்சா தெரியாது, கண்ணோரத்துல வைங்க. வந்த வழியேதான் வெளிச்சம் திரும்பிப் போகும். வண்டி லைட் டிரைவருக்குத் தெரியற மாதிரி.

பாத்தீங்களா.

எப்படிக் கொழுந்து விட்டு எரியுது. கோட்டே தெரியல, பட்டை மட்டும் நிக்குது ஆள் மாதிரி.

போடுங்க, லைட்டைப் போடுங்க. போதும்.

ம்? அவர் அன்னைக்குக் கோட்டு போட்டிருந்தாரே. போடாம இருப்பாரா? மார்க்கெட் வளைவுல மெயின் குழாய் வெடிச்சு ரோடு பூரா ஆறா ஓடுது. சாயங்காலம் ஆறரை மணி. மழை வேற கண்ணைத் திறக்க விடல. அஞ்சு பேர் நிக்கிறாங்க. நாலு பேர் குழிக்கு அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு குனிஞ்சு உள்ள எதையோ பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. முன்னாடி வச்சிருந்த தடுப்பைத் தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. வெல்டர்தான் எனக்கு வந்து சொன்னாரு இதெல்லாம். வேன் வேகமாக்கூட வரலையாம். பால் வேன்.

அந்த டிரைவர் குடிச்சிருப்பான்னு நான் ஆஸ்பத்திரியிலயே கத்தினேன். குடிக்கலைன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு. கண்ணு தெரியாதான்னு கேட்டேன். கண்ணும் நல்லா இருந்துச்சு. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் பகல்ல வீட்டுக்கு வந்துட்டான். மன்னிப்பு கேக்க வந்திருக்கான், செருப்பை எடுக்கலாமான்னு நினைச்சுக்கிட்டுத்தான் கதவைத் திறந்தேன். மன்னிப்பு கேக்கல. நாற்காலி நுனியில உக்காந்துக்கிட்டு, அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்கறான். நாலு பேர் எனக்கு நல்லா தெரிஞ்சாங்க அக்கா. தூரத்துலயே தெரிஞ்சாங்க. பளபளன்னு நாலு பேர். அவங்க மேல ஏத்திடக்கூடாதேன்னுதான் இந்தப் பக்கம் ஒடிச்சேன். இந்தப் பக்கம் யாருமே இல்ல அக்கா, வெறும் இருட்டு. அங்க எப்படி அவர் இருந்தாரு? அவர் மட்டும் ஏன் எனக்குத் தெரியல?

ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன். குடிச்சிட்டுப் போயிட்டான்.

என்ன நீங்க, கோட்டை அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. மடிங்க. இதேதான், இதையே எடுத்துக்கறேன். விலையை நான் கேட்டேனா? குறைச்சுத் தர்றேன்னு யார் சொல்லச் சொன்னாங்க? மடிங்க.

என்ன சொன்னீங்க இப்ப? துவைக்கறதைப் பத்தி. அந்த லேபிளைப் பாத்துத் திரும்பப் படிங்க.

ஈரத் துணியால துடைக்கணும். முறுக்கிப் பிழியக்கூடாது. இஸ்திரி போடக்கூடாது.

ம்.

எல்லாக் கோட்டுலயும் போட்டிருப்பான் தம்பி. அவரோடதுலயும் இருந்துச்சு. இஸ்திரிப் பெட்டி படம் போட்டு, மேல குறுக்கக் கோடு போட்டு. நான் பாக்கலைன்னு நினைக்காதீங்க, பாத்தேன். கான்வென்ட்ல படிச்சவளுக்கு ஒரு லேபிள் படிக்கத் தெரியாதா? துணியைப் பத்தி எனக்கு இவனுங்க சொல்லிக் குடுக்கப் போறானுங்களான்னு இருந்துச்சு, அவ்வளவுதான். மறுநாள் டிப்போவுக்குப் பெரிய இன்ஜினியர் வர்றாருன்னாரு. மாடிப்படிக்கு அடியில சுருண்டு கிடந்த கோட்டை எடுத்தா, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கு. கேங் மேஸ்திரி இப்படியா போய் நிக்கறதுன்னு கழுவிக் காய வச்சு, மேல ஒரு துணியைப் போட்டு, பெட்டியை நல்லா சூடு பண்ணி முதுகு மேல ஒரே அழுத்து. துணியை எடுத்தேன், பட்டையில இருந்த மினுமினுப்பு பூரா துணியோட உரிஞ்சு வந்துடுச்சு. முன்பக்கம் தப்பிச்சுது. முதுகும் தோளும் போச்சு.

சொல்லியிருக்கலாம். சொன்னா திட்டியிருக்க மாட்டாரு. சிரிச்சிருப்பாரு. எங்க வீட்டு மேடம் மழைக்கோட்டுக்கு இஸ்திரி போட்டுட்டாங்கடான்னு கேங் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாரு. அது எனக்குத் தாங்காது. பழைய குடை ஒண்ணு இருந்துச்சு, உள்பக்கம் வெள்ளி மாதிரி துணி. அதை ரெண்டு இன்ச் அகலத்துக்கு வெட்டி, பழைய பட்டை இருந்த இடத்துலயே மெஷின்ல ஓட்டிட்டேன். பகல் வெளிச்சத்துல பாத்தா ஃபேக்டரியில தைச்சது தோத்துடும். மூணு வாரம் போட்டாரு. முதுகுல கோடு போட்ட மாதிரி நனையுது, கோட்டுக்கு வயசாயிடுச்சு போலன்னு சொல்லி, ஸ்டோர்ல புதுசுக்கு எழுதிக் குடுத்தாரு. அடுத்த மாசம் வாங்கன்னாங்க. ஊசி ஓட்டை வழியா இறங்குதுன்னு எனக்குத் தெரியும். தோசைத் திருப்பி மாதிரி இருக்கற வாய் எனக்கு, அன்னைக்குப் பாத்து திறக்கல.

இல்ல, அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கோட்டு போட்டிருந்தாரு, பட்டை இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிட்டாங்க. சேறும் ரத்தமுமா ஒரு பையில கட்டி என் கையில குடுத்தாங்க. யாரும் அதுல லைட் அடிச்சுப் பாக்கல. டிரைவருக்கு லைசென்ஸ் போச்சு. இப்ப மார்க்கெட்ல மூட்டை இறக்கறான். நான் காய் வாங்க ரெண்டு பஸ் மாறி வேற மார்க்கெட்டுக்குப் போறேன்.

போதும், கவுண்டர்ல இருக்கற அந்தப் பொண்ணு என்ன பில் போடாம நம்மளையே பாக்குது. எழுதச் சொல்லுங்க. வீட்டு விலாசம் வேணாம். குடிநீர் டிப்போ, பின் கேட், கேங் ரூம்னு போட்டு, என் பொண்ணு பேருக்குச் சனிக்கிழமைக்குள்ள அங்க அனுப்பிடுங்க. கோட்டு எப்பவும் டிப்போ லாக்கர்லதான் இருக்கணும், வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். பாத்தா எனக்கு அப்பா ஞாபகம் வந்துடும்னு நினைச்சுக்கிட்டு, சரிம்மா சரிம்மான்னு தலையைத் தடவி விட்டா. நினைச்சுக்கட்டும்.

வேணாம் தம்பி, பையில போட்டு என்கிட்ட நீட்டாதீங்க. அங்கயே வைங்க. எனக்குப் பில்லை மட்டும் குடுங்க.